குறைப்பிரசவம் உங்கள் உவமை அல்ல

சென்ற ஆண்டு கோலாலம்பூரில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். சிறுகதைத் தொகுப்பு. எழுதிய பையனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும், முதல் புத்தகம். விமர்சனம் செய்ய வந்தவர் நம்மிடையே நன்கு அறியப்பட்டவர். பெயர் தேவையில்லை. அவர் சொன்னதை அவர் மட்டும் சொல்வதில்லை. “இந்தத் தொகுப்பு ஒரு குறைப்பிரசவம். இன்னும் கொஞ்ச நாள் வயித்துல வச்சிருந்து பெத்திருக்கலாம்” என்றார். அரங்கம் சிரித்தது. எழுதிய பையனும் சேர்ந்து சிரித்தான். வேறு என்ன செய்வான்?

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். “சார், குறைப்பிரசவம்னா என்னன்னு நெனச்சு சொன்னீங்க?”

“அவசரம்மா. அவசரப்பட்டா அப்படித்தான்” என்றார். மறுபடியும் சிரிப்பு. ஒலிவாங்கி அடுத்தவரிடம் போய்விட்டது.

இந்தக் கட்டுரை அந்த ‘அவசரம்’ என்ற சொல்லுக்கு என் பதில்.

இந்த உவமை நமக்குப் பழகிப்போனது. திருந்தாத கவிதை குறைப்பிரசவம். இரண்டு இதழோடு நின்றுபோன சிற்றிதழ் குறைப்பிரசவம். பிளவுபட்ட கட்சி, தோற்றுப்போன போராட்டம், எல்லாம் குறைப்பிரசவம். கேட்டவுடன் புரிகிறது, ஏனென்றால் மூன்று விஷயங்களை நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒன்று, அந்தப் பெண் நினைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கலாம். இரண்டு, அவசரத்தாலோ கவனக்குறைவாலோ அவள் தாங்கவில்லை. மூன்று, பிறந்தது ஒரு குறைபட்ட பொருள். இந்த மூன்றும் பொய். இந்தப் பொய்களை அரங்கத்தில் மட்டும் சொல்வதில்லை. வீட்டில் சொல்கிறோம், பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்கிறோம். சட்டத்தை எழுதும்போதும் ஒருவகையில் இதையே சொல்லியிருக்கிறோம்.

நான் ரிங்லெட்டில் பிறந்து வளர்ந்தவள். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறினால் முதலில் வரும் ஊர். சுற்றுலா வருகிறவர்கள் கழிப்பறைக்கு மட்டும் நிறுத்துவார்கள். தாத்தா தேயிலைக்கு வந்தவர். அம்மா லயத்து வீட்டில் பிறந்து கொழுந்து பறித்தவர். அப்பா காய்கறி லோரி ஓட்டினார். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கோலாலம்பூரில் வடிகால் வேலை பார்க்கிறேன். அக்கா மலையிலேயே இருந்தாள். பெர்தாம் வேலியில் ஒரு காய்கறிக் கொட்டகையில் தக்காளி, முட்டைக்கோஸ் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. மாமாவுக்கும் லோரிதான். இரவில் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் செலாயாங் மொத்த மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

2021இல் அக்காவுக்கு முதல் பிள்ளை தங்கியது. இருபதாவது வாரம். வலி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. “இடுப்பு கனமா இருக்கும்மா” என்று இரண்டு நாள் சொன்னாள். மூன்றாம் நாள் காலை பனிக்குடம் உடைந்தது. ஆண் குழந்தை. மூச்சு விடவில்லை.

கொட்டகையில் பத்து நாள் எம்.சி. கொடுத்தார்கள். மகப்பேறு விடுப்பு இல்லையா என்று நான் கேட்டேன், படித்த திமிரோடு. பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். நம் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, 22 வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு நடப்பதுதான் பிரசவம். உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் அது பிரசவம். அதற்கு முன் நடந்தால் பிரசவமே இல்லை. அக்காவுக்குப் பால் சுரந்தது. துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பதினோராம் நாள் வேலைக்குப் போனாள். சட்டப்படி அவள் பிள்ளை பெறவில்லை.

2023இல் மறுபடியும் கர்ப்பம். கிளினிக் மிஸி அவளுடைய பிங்க் புத்தகத்தைப் பார்த்ததும் மேலே அனுப்பிவிட்டார். நல்ல மிஸி அவர், இதையும் எழுதிவிடுகிறேன். முந்தைய கதையைக் கேட்ட டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பத்தொன்பதாவது வாரம் கருப்பை வாயின் நீளம் 18 மில்லிமீட்டர். அந்தக் காலகட்டத்தில் 25க்குக் கீழே போனாலே குறைவு. தையல் போடலாம் என்றார்கள்.

இந்தத் தையலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கர்ப்பம் முழுவதும் கருப்பை வாய் மூடி, நீண்டு, கெட்டியாக இருக்க வேண்டும். கடைசியில்தான் குறுகித் திறக்க வேண்டும். சிலருக்கு நடுவிலேயே, வலியே இல்லாமல், குறுகித் திறந்துவிடுகிறது. 1955இல் பம்பாய் மருத்துவர் வி. என். ஷிரோத்கர் இதற்கு ஒரு வழி சொன்னார். பெண்ணின் தொடையிலிருந்தே ஒரு நார்ப்பட்டையை எடுத்துக் கருப்பை வாயைச் சுற்றிக் கட்டுவது. 1957இல் மெல்பர்னில் இயன் மெக்டொனால்ட் அதை எளிதாக்கினார். நூலைச் சுற்றிலும் கோத்து இழுத்து முடிச்சுப் போடுவது. பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலைதான். எல்லாம் சரியாகப் போனால் 36, 37ஆம் வாரத்தில் முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் அன்று எல்லோருக்கும் நிம்மதி. “தையல் போட்டாச்சு, இனிமே பயமில்ல” என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார். யாரும் அவரைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

எண்களைப் பிறகு தேடிப் படித்தேன். 1993இல் பிரிட்டன் தலைமையில் பல நாடுகளில் 1,292 பெண்களை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு வந்தது. மருத்துவர்களுக்கே தையல் வேண்டுமா வேண்டாமா என்று உறுதியில்லாத பெண்கள் அவர்கள். தையல் போட்டவர்களில் 33 வாரத்துக்கு முன் பிறந்தது 13 சதவீதம். போடாதவர்களில் 17. அதாவது 25 பேருக்குத் தையல் போட்டால் ஒருவருக்குப் பயன். அக்காவைப் போல முன்பே குறைமாதத்தில் பெற்று, இப்போது கருப்பை வாயும் குறுகியவர்களுக்குப் பலன் இன்னும் தெளிவு. ஐந்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், 35 வாரத்துக்கு முன் பிறப்பது நூற்றுக்கு 41 என்ற அளவிலிருந்து 28ஆகக் குறைந்தது. நல்ல சிகிச்சை. எனக்கு யாராவது கேட்டால் போட்டுக்கொள்ளத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த 28 பேரைப் பாருங்கள். தையல் போட்டும், மருந்து சாப்பிட்டும், சொன்னதையெல்லாம் கேட்டும் முன்கூட்டியே பெற்றவர்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தொற்று, வீக்கம், பனிக்குடம் முன்பே உடைதல் என்று குறைமாதப் பிறப்புக்குப் பல வழிகள். நூல் அவற்றில் ஒரு வழியை மட்டும் மறிக்கிறது. உலகத்தில் பத்துக் குழந்தைகளில் ஒன்று 37 வாரத்துக்கு முன்பே பிறக்கிறது. 2020இல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம். இத்தனை பேரும் அவசரக்காரிகளா?

அக்கா அந்த 28இல் ஒருத்தி. 2023 நவம்பர் 11, சனிக்கிழமை. மறுநாள் தீபாவளி. முந்தின நாள் சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்தாள். இந்த முறுக்கு பின்னால் திரும்ப வரும். சனிக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது வயிறு இறுகியது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. புத்தகத்தில் 26 வாரம் நிறைய இன்னும் இரண்டு நாள்.

மலையில் இருப்பது மாவட்ட மருத்துவமனை. 26 வாரக் குழந்தையைக் காப்பாற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது ஈப்போவில். நாங்கள் பகாங், ஈப்போ பேராக். எங்கள் மாநிலத் தலைநகர் குவாந்தான் மலைக்கு அந்தப் பக்கம், பல மணி நேரத் தூரம். முதலில் தானா ராத்தாவுக்கு மேலே ஏறினோம். அங்கே டாக்டர் பரிசோதித்துவிட்டு, குழந்தையின் நுரையீரல் பக்குவமாக ஸ்டீராய்டு ஊசி போட்டு, ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்தார். பிரிஞ்சாங் வழியாக சிம்பாங் பூலாய் சாலை. தீபாவளி விடுமுறை. ஸ்ட்ராபெரி பறிக்க வந்த காடிகள் கியா ஃபார்ம் வரைக்கும் வரிசையாக நின்றன. நான் பின்னால் என் காடியில் போனேன். ஆம்புலன்ஸ் சைரன் போட்டும் நகர இடமில்லை. ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம். அந்த முப்பது நாற்பது நிமிடமும் ஒரு குடும்பம் சாலையோரம் நின்று தேன் வாங்கிக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் மேல் தவறில்லை.

அந்த ஊசிக்கும் ஒரு கதை உண்டு. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972இலேயே அதன் பலனை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போட்டால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் குறையும், சாவு குறையும். மற்ற ஆய்வுகளும் வந்தன. இருந்தும் அமெரிக்காவில் எல்லோருக்கும் கொடுங்கள் என்று தேசிய அளவில் பரிந்துரைக்க 1994 ஆயிற்று. 22 ஆண்டு. பிரசவத்தில் தாமதம் யாருடையது, அவசரம் யாருடையது என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசலாம்.

ஊசி போட்டு ஒருநாளாவது கிடைத்தால் நல்லது. எங்களுக்கு ஒன்றரை நாள் கிடைத்தது. வலி கூடியதும் தையலை அவிழ்த்தார்கள். அவிழ்க்காவிட்டால் கருப்பை வாய் கிழிந்துவிடும். நவம்பர் 13 திங்கட்கிழமை விடியற்காலை பிறந்தான். 860 கிராம். தையலுக்கும் பிறப்புக்கும் நடுவில் ஏழு வாரம். பத்தொன்பதாவது வாரத்தில் பிறந்திருந்தால் எந்த மருத்துவமனையாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இருபத்தாறில் செய்ய முடிந்தது. தையல் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரே ஒரு பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ‘தையல் தோத்துப்போச்சு’ என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. 49 நாள், ஒரு நூலுக்கு.

பேச்சு அன்றைக்கே தொடங்கிவிட்டது. “முறுக்கு உரலை அழுத்தினா தையல் தாங்குமா?” இது சின்னம்மா. “மாடிப்படி ஏறினா.” எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. “தையல் போட்டவ படுத்தே இருக்கணும்ல, எந்திரிச்சு எதுக்கு நடந்தா?” படுத்தே கிடப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படுகிறது என்பதற்கு ஆதாரமில்லை. காலில் ரத்தம் உறைவது, தசை தளர்வது, மனம் உடைவது என்று கெடுதல்தான் உண்டு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் அப்படிப் படுக்க வைக்காதீர்கள் என்றே சொல்கிறது. நான் சொன்னால் யார் கேட்பார்கள்? அம்மா கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்த தீபாவளிக்கு முறுக்கே செய்யவில்லை.

மருத்துவ மொழியும் இதில் பங்காளிதான். அக்காவின் தாளில் ‘இன்காம்பிடன்ட் செர்விக்ஸ்’ என்று எழுதியிருந்தது. திறமையற்ற கருப்பை வாய். ஏதோ வேலையிலிருந்து நீக்கும் கடிதம் மாதிரி. இப்போது வேறு சொல்லுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் பழைய சொல் தாள்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலம் தெரியாத அக்கா என்னிடம் அர்த்தம் கேட்டாள். நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் ஒன்று அன்றைக்குச் சொன்னது.

சென்ற ஆண்டு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையின் பெரியம்மா அம்மாவிடம் கேட்டார், குரலைத் தாழ்த்தாமலே. “மூத்ததுக்கு ரெண்டும் கொறப்பிரசவமாமே. சின்னதுக்கும் அந்தக் கொற இருக்குமோ?” பாருங்கள், ‘குறை’ எப்படி இடம் மாறுகிறது என்று. மாதத்தில் இருந்த குறை அக்காவின் உடம்புக்கு வந்தது. அங்கிருந்து என் உடம்புக்கு வந்துவிட்டது. அந்தச் சம்பந்தம் நிற்கவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அரங்கத்தில் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி எல்லோரும் சிரித்தபோது நான் ஏன் எழுந்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நான் படித்த படிப்பிலிருந்து ஒன்று சொல்கிறேன். 2013 அக்டோபர் 23, எனக்கு எஸ்.பி.எம். நெருங்கிக்கொண்டிருந்த நேரம். விடாத மழை. நள்ளிரவு தாண்டி ரிங்லெட் சுல்தான் அபூபக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்தாம் வேலியில் வீடுகள் மூழ்கின, உயிர்கள் போயின. மறுநாளிலிருந்து நாடே கேள்வி கேட்டது. மேலே காட்டை வெட்டி விவசாயம் செய்த மண்ணெல்லாம் ஏரியில் வண்டலாகச் சேர்ந்தது ஏன்? எச்சரிக்கை எப்படிக் கொடுத்தார்கள்? ஆற்றங்கரையில் வீடு கட்ட விட்டது யார்? மழை எவ்வளவு? யாரும் அணையைப் பார்த்து ‘அவசரப்பட்டுவிட்டது, இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்’ என்று சொல்லவில்லை. சுமை, மண், வழி, எச்சரிக்கை, கீழே இருக்கிறவர்கள் என்று யோசித்தார்கள். கான்கிரீட்டுக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை ஒரு பெண்ணின் உடம்புக்குக் கொடுக்க நமக்கு ஏன் வரவில்லை?

அதனால் குறை எங்கே என்று அதே முறையில் தேடிப் பார்ப்போம்.

அக்கா மகன் 89 நாள் மருத்துவமனையில் இருந்தான். முதல் மூன்று வாரம் மூச்சுக்குழாய், இன்குபேட்டர். அக்கா புந்தோங்கில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினாள், பத்துக்குப் பத்து அறை, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு. தினமும் பாலைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போவாள். மாமாவுக்குத் தந்தைமை விடுப்பு ஏழு நாள். எட்டாவது நாள் லோரி ஏறிவிட்டார். நான்காவது வாரம் மிஸி பிள்ளையை எடுத்து அக்காவின் வெறும் நெஞ்சில் வைத்தார். கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளில் நடந்து 2021இல் வெளியான சோதனையில், ஒரு கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சில் வைத்தபோது, 28 நாளுக்குள் நடக்கும் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12ஆகக் குறைந்தது. இது ஒரு மருந்து. அந்த மருந்தில் இருக்கும் ஒரே பொருள் தாய் அங்கே இருப்பது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்ல மாற்றம், பலர் போராடி வாங்கியது. ஆனால் அந்த விடுப்பு பிரசவத்துக்கு மறுநாளைத் தாண்டித் தொடங்கக் கூடாது. பிள்ளை எந்த வாரத்தில் பிறந்தாலும் ஓட ஆரம்பித்துவிடும், நிற்காது. 98 நாள் என்பது 14 வாரம். 26 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு 26ஓடு 14ஐக் கூட்டுங்கள். நாற்பது.

அக்காவின் பிங்க் புத்தகத்தில் முதல் பக்கத்தில் டாக்டர் எழுதிய பிரசவத் தேதி 2024 பிப்ரவரி 19. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியது பிப்ரவரி 9, சீனப் பெருநாளுக்கு முந்தின நாள், மறுபடியும் அதே நெரிசலில் மலை ஏறினோம். அப்போது அவளுக்கு மிச்சம் இருந்த விடுப்பு ஒன்பது நாள். கொட்டகையில் திரும்ப வரச் சொன்ன தேதி பிப்ரவரி 19, திங்கட்கிழமை. பிள்ளை பிறந்திருக்க வேண்டிய நாளில் விடுப்பு முடிந்து வேலைக்கு வா என்கிறது சட்டம். வேலை கொடுத்தவர் எந்த விதியையும் மீறவில்லை. பிரச்சினையே அதுதான்.

குறைமாதப் பிள்ளைக்கு டாக்டர்கள் இரண்டு வயது எழுதுவார்கள். பிறந்த நாளிலிருந்து ஒன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒன்று. குப்புற விழுவது, உட்காருவது, நடப்பது எல்லாவற்றையும் இரண்டாவது வயதை வைத்துத்தான் பார்ப்பார்கள். மருத்துவத்துக்குத் தெரிந்த இந்தக் கணக்கு சட்டத்துக்குத் தெரியவில்லை. முடியாத காரியமும் இல்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல், பிறந்த குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்தால் தாய்க்கும் தகப்பனுக்கும் வழக்கமான விடுப்புக்கு மேல் 12 வாரம் வரை தனியாகக் கிடைக்கிறது. எங்கள் தாத்தாவைத் தேயிலை நட அழைத்து வந்த நாடு அது. அவர்கள் எழுதிவிட்டுப் போன தொழில் சட்டத்தை நாம் இன்னும் அங்கங்கே ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அக்கா வேலையை விட்டுவிட்டாள். மாதம் ஒரு தடவை கண் பரிசோதனை, காது பரிசோதனை, எல்லாம் ஈப்போவில். யார் அழைத்துப் போவது?

இன்னும் ஒன்று சொல்லாமல் போனால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அக்கா குடியுரிமை உள்ளவள். அரசு மருத்துவமனையில் அவளுக்குக் கட்டணம் சொற்பம். இன்று எங்கள் மலையில் கொழுந்து பறிப்பதும் காய் பிரிப்பதும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் பெண்களுக்கு ஃபோமேமா மருத்துவச் சோதனையில் கர்ப்பம் தெரிந்தால் வேலை பெர்மிட்டே போய்விடும். அவர்களுக்குத் தையலும் இல்லை, 98 நாளும் இல்லை. நம் பாட்டிமார்கள் எந்த இடத்தில் நின்றார்களோ அதே இடத்தில் இப்போது வேறு பெண்கள் நிற்கிறார்கள். தோட்டத்துத் துயரத்தை எழுதி எழுதிப் பரிசு வாங்குகிற நாம் அவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம்?

இதற்கு வரக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். “உவமைக்கெல்லாம் தடை போட்டா இலக்கியம் எப்படிம்மா பண்றது?” தடை எதுவும் போடவில்லை. உவமை சொல்கிறவருக்கு உவமானம் எது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் சொன்னால் அது மோசமான உவமை. புலியைப் பார்க்காதவன் எழுதிய புலி மாதிரி.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு பதில் வரும். அது இதைவிட இனிமையாக இருக்கும். “உன் அக்கா தெய்வத் தாய்.” அக்காவின் படத்தைப் போட்டு அப்படி எழுதினார்கள். தெய்வத்துக்கு விடுப்பு வேண்டாம், தங்க அறை வேண்டாம், சாலை வேண்டாம். தெய்வம் தாங்கும். குறை சொல்கிறவர்களும் கும்பிடுகிறவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். எல்லாப் பாரத்தையும் அந்த ஒருத்தியின் இடுப்பில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

இதை ஓர் அற்புதக் கதையாகவும் படித்துவிடாதீர்கள். அக்கா மகன் பிழைத்தான். பக்கத்து இன்குபேட்டரில் இருந்த 24 வாரப் பெண் குழந்தை ஆறாம் நாள் போய்விட்டது. அந்தத் தாய் ஒரு செமாய் பெண், எங்களைவிட இன்னும் உள்ளே இருக்கும் கிராமத்திலிருந்து வந்தவர். அவரும் அக்காவும் செய்ததில் எந்த வித்தியாசமும் இல்லை. பிழைத்தால் தாயின் வெற்றி என்று சொன்னால், பிழைக்காதது யாருடைய தோல்வி?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பிள்ளை தீவிர சிகிச்சையில் இருக்கும் நாள்களை 98இல் கழிக்காதீர்கள். 22 வாரத்துக்கு முன் இழந்தவளுக்கும் உடம்பு தேற நாள் கொடுங்கள். மலையிலிருந்து, காட்டிலிருந்து பிள்ளையோடு இறங்கி வரும் தாய் தங்க மருத்துவமனைப் பக்கத்தில் ஒரு கட்டில் போடுங்கள். இது எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. ஷிரோத்கர் நூலைக் கட்டி எழுபது ஆண்டாகிறது. நூல் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

எழுதுகிறவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அன்று அரங்கத்திலிருந்து வரும்போது அந்தப் பையனின் தொகுப்பை ஒரு பிரதி வாங்கி வந்தேன். பேருந்தில் படித்து முடித்தேன். பதினொரு கதை. மூன்று நன்றாக இருக்கின்றன, அதில் ஒன்று ரொம்பவே. மற்றவை சரியாகத் திருத்தப்படவில்லை. விமர்சகர் சொல்ல நினைத்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். ‘திருத்தப்படவில்லை’ என்ற சொல் தமிழில் இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம்.